கூடம் கோணலா?

(குடியாத்தத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ராணிப்பேட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்துள்ள பெரியோர்களே! 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மேடை என்றால் வட ஆர்க்காடு இன்னும் ஒன்றாகத்தான் வந்து உட்காருகிறது. சால்வை போர்த்திய தலைமையாசிரியருக்கு நன்றி. குடியாத்தத்தில் ஒரு கைலி கொடுத்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன், கேட்கவில்லை.

மூன்று கேள்விகளோடு வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் மொழி ஒரு மொழிதானா? அதில் ஏன் இங்கிலீஷ் சொற்கள்? நம் பிள்ளை அதைத் தமிழிலேயே படிக்க முடியுமா?

முதல் கேள்வி. நாம் முதலில் பேசினோம், இலக்கணம் பின்னால் வந்தது. கம்ப்யூட்டர் மொழிக்கு இலக்கணம்தான் முதலில். 1957இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியும் சரி, இன்றைய பைத்தான் மொழியும் சரி, விதி தவறினால் அங்கேயே நின்றுவிடும். "அதை எடுத்து இதுல வை" என்றால் வீட்டில் வேலை நடந்துவிடுகிறது. கம்ப்யூட்டரிடம் எதை, எதில் என்று சொல்லியாக வேண்டும்.

எனக்கு இது உறைத்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியால். பள்ளி விழாவில் பைத்தானில் 'வேலூர்' என்று தட்டி, எத்தனை எழுத்து என்று கேட்டாள். 6 என்றது. பின் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுந்துவிட்டார். "ஆறா? வே, லூ, ர். மூன்று! தமிழ் தெரியாத மிஷின்!" ஒரே கைதட்டல். அந்தப் பெண் அசரவில்லை. "ஐயா, கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் வகரம் ஒன்று, அதன் கொம்பு ஒன்று, புள்ளிகூடத் தனி. அதனால்தான் ஆறு" என்றாள். குறிகளை விட்டுவிட்டு எண்ணும்படி நாலு வரி எழுதினாள். 3 வந்தது. பெரியவர் விடுவாரா? "லக்ஷ்மி போடு!" 4 என்றது. க்ஷ் ஓரெழுத்தா, ஈரெழுத்தா? பரிசளிப்பை நிறுத்திவிட்டுப் பட்டிமன்றமே நடந்தது. காபி ஆறிப்போனது. கடைசியில் அவள் கேட்டாள்: "நீங்கள் முடிவு பண்ணிச் சொல்லுங்கள், நான் எழுதிவிடுகிறேன்."

பாருங்கள், மிஷின்மேல் குற்றமில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! சண்டை நம்முடையது. மனித மொழி அந்தச் சண்டையோடு நூறு வருஷம் ஓடும். கம்ப்யூட்டர் மொழிக்கு யாராவது இன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதற்கு ஒன்று மட்டும். பைத்தானில் கட்டாயமான இங்கிலீஷ் சொற்கள் சுமார் 35தான். 2008இல் வந்த பைத்தான் 3இலிருந்து 'கூலி', 'வட்டி' என்று நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். முப்பத்தைந்து சொல் நம் பிள்ளைக்கு வராதா? அப்புறமும் 'இங்கிலீஷ் மீடியம் இல்லை, அதனால் கோடிங் இல்லை' என்றால் மறுபடி அதே கூடம், அதே கோணல்.

அதனால் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஒரு கிளை நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் துணி உறையோடு தூங்குகின்றன. சாவி யாரிடம் என்றால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். உறுப்பினர் அம்மா அவர்களே, மாலை ஐந்து முதல் ஏழுவரை தமிழில் கோடிங் வகுப்பு நடத்த ஆள் தருகிறோம். உறையைக் கழற்றி, சாவியை வாங்கித் தாருங்கள். மனு பின் வரிசையிலிருந்து வருகிறது. கையெழுத்துப் போடுங்கள், பேனாவும் திரும்பி வரட்டும். வணக்கம்.