முழங்கால் வலியும் ஒரு என்சைமும்

வணக்கம் நேயர்களே. எலும்புல வர்ற கேன்சர் பத்திப் பேசத்தான் இன்னிக்கு கூப்பிட்டிருக்காங்க. அதுல ஆஸ்டியோசர்கோமான்னு ஒண்ணு, பெரும்பாலும் 10ல இருந்து 20 வயசுக்குள்ள வளர்ற பிள்ளைங்களுக்கு, முழங்காலை ஒட்டித்தான் அதிகமா வருது. கபடி ஆடிட்டு வந்த பய கால் வலிக்குதுன்னா மேலூர், உசிலம்பட்டி பக்கமெல்லாம் சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவி விடுவோம். ஆனா ராத்திரி தூங்க விடாத வலி, வத்தாத வீக்கம்னா தயவுசெஞ்சு உருவாதீங்க, மொதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க.

சரி, அந்த செல்லு எப்படி இப்படிப் பெருகுது? ஒரு செல்லு ரெண்டாகணும்னா டிஎன்ஏவை முழுசா இன்னொரு காப்பி எடுக்கணும், அதுக்கு ஃபோலேட் வேணும், நம்ம கீரையில இருக்குதே அந்தச் சத்துதான், ஆனா டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்ங்கற என்சைம், அதாவது செல்லுக்குள்ள வேலை நடத்துற ஒரு புரதம், அதை மாத்திக் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் செல்லுக்கு உதவும். ஓயாம பிரியுற கேன்சர் செல்லுக்கு இந்த என்சைம் நின்னா பொழப்பே நின்னுரும். மெத்தோட்ரெக்ஸேட் மருந்து அங்கதான் கை வைக்குது. பாக்க ஃபோலேட் மாதிரியே இருக்கறதால என்சைம்ல போயி ஒட்டிக்கிட்டு விடவே விடாது.

இந்த வகை மருந்தை உண்டாக்குன ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்குனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர், 1948ல இறந்துட்டார். அவரு பேரு நம்ம பிள்ளைங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியணும்.

கேன்சரை மருந்தால அடிக்கிற கீமோ சிகிச்சை வர்றதுக்கு முன்னாடி காலையே எடுத்தாலும் 5 பேர்ல 4 பேரைக் காப்பாத்த முடியல, நுரையீரலுக்குப் பரவிரும். இப்ப மெத்தோட்ரெக்ஸேட்டோட இன்னும் ரெண்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் சேர்ந்து, பரவாத நிலையில வந்தா 10க்கு 6, 7 பேர் 5 வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க. நிறையப் பேருக்குக் காலும் தப்பிக்குது.

பெரிய டோஸ் குடுக்கறதால நல்ல செல்லும் அடிபடும், வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணு கொறையும். அதனாலதான் 24 மணி நேரம் கழிச்சு லூகோவோரின் குடுக்கறாங்க, அது என்சைம் தயவு இல்லாமலே நல்ல செல்லைத் தேத்தி விடும், அந்த வேளை மருந்து ஒண்ணு கூட தவறக்கூடாது.

வீட்டுல இருக்கவங்களுக்கு ரெண்டே விஷயம். பிள்ளை தெம்பில்லாம இருக்கேன்னு ஃபோலிக் ஆசிட், அதாவது அந்த ஃபோலேட் சத்து, கலந்த சத்து மாத்திரையை நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, மருந்தோட வேலையையே அது கெடுத்துரலாம். வலிக்குதுன்னு கடையில புரூஃபென் மாதிரி மாத்திரையும் வாங்காதீங்க, மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீர்ல வெளியேறாம உடம்புலயே தங்கிரும். எதுன்னாலும் கீமோ குடுக்கற டாக்டரையோ சிஸ்டரையோ கேட்டுட்டுக் குடுங்க.