புது வண்டி ஏன் நின்றுபோகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் வாகனப் பழுதுபார்ப்பைக் கற்றுத்தருவது என் தொழில். புதிதாகச் சிறிய கார் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு முறையீட்டைக் கொண்டுவருகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் திணறுகிறது, சில நேரம் தானாகவே நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால், "ஓட்டிப் பார்த்தோம், குறை எதுவும் இல்லை" என்று திருப்பித் தருகிறார்கள். மாதத் தவணை கட்டி ஓட்டுகிற வண்டி நடுச்சாலையில் நிற்க, பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பதில் யாருக்கும் ஆறுதல் தராது.

குறை எது, இயல்பு எது என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். நிமிடத்துக்கு 800 சுற்றில் அது ஓடும்போது, நொடிக்கு 20 முறை எரிபொருள் வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் ஏறத்தாழ 27 முறை. வெடிப்புக்கு வெடிப்பு இடைவெளி கூடுவதால் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் லேசான அதிர்வு தெரியும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் மூன்று சிலிண்டர்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் உயர்ந்து நின்று, இன்ஜின் சூடேறியபின் இறங்குவதும் இயல்பே. சில கார்களில் சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைத்து, கிளட்சை மிதித்ததும் மீண்டும் கிளப்பும் வசதி இருக்கிறது. அதைப் பழுது என்று நினைத்துப் பதறியவர்களும் உண்டு. டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும், பாருங்கள்.

முள் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்குவது, ஏ.சி. போட்டதும் இன்ஜின் அமுங்கி அணைவது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றுபோவது, இவை இயல்பல்ல. "புது வண்டி, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

வேகமாக ஓடும்போது நன்றாக இருக்கும் இன்ஜின், நின்ற இடத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? காலை எடுத்ததும் காற்று போகும் வழியான த்ராட்டில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. மயிரிழை அகலச் சந்தில் நுழையும் காற்றை வைத்துத்தான் இன்ஜின் உயிரோடு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கோ ஒரு ரப்பர் குழாய் சரியாக மாட்டப்படாமல் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால், காற்றும் பெட்ரோலும் சேரும் கலவையின் கணக்கே கெட்டுவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அதே கசிவு பொருட்டாகவே தெரியாது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் என்ற கருவி இருந்த காலத்தில் மெக்கானிக் காதால் கேட்டு ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்வார். இன்று அந்த வேலையை வண்டிக்குள்ளேயே இருக்கும் கணினி செய்கிறது. ஏ.சி. கம்ப்ரஸர் கிளம்பியதும் அது கணநேரத்தில் காற்றைக் கூட்ட வேண்டும். சென்சார் தவறான செய்தி தந்தால் கணினியும் தவறாகத்தான் முடிவெடுக்கும்.

நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். வாங்கிச் சில மாதங்களே ஆன கார். பலமுறை சர்வீஸ் சென்டருக்குப் போயும் குறை அகப்படவில்லை. ஓட்டுபவர் அந்த வீட்டு அம்மா. எப்போது நிற்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெட்ரோல் போட்டுவிட்டு பங்க்கிலிருந்து கிளம்பும்போது" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. டேங்கில் உண்டாகும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரி டப்பாவில் சேர்கிறது. அங்கிருந்து இன்ஜினுக்கு அதை அளவாக விடுவது தீப்பெட்டி அளவே உள்ள ஒரு வால்வு. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால், டேங்க் நிரப்பியதும் தள்ளப்படும் ஆவி கேட்காமலே இன்ஜினுக்குள் போகும். மின்சாரம் இல்லாதபோது அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். கழற்றி வாயால் ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். சர்வீஸ் சென்டரில் அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வந்து வந்து மறையும் குறைக்கு முதல் சாட்சி வண்டி ஓட்டுபவரே. குளிர்ந்த இன்ஜினா, சூடான இன்ஜினா, ஏ.சி. ஓடியதா, டேங்கில் எவ்வளவு இருந்தது, அணையும் முன் முள் எப்படி ஆடியது என்று குறித்து வையுங்கள். வண்டி நின்றிருக்கும்போது அருகில் இருப்பவரை முள்ளைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரில் முறையீட்டை எழுதும் சீட்டான ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் வாங்குங்கள்.

வண்டிக் கணினியின் பழுதுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றவே கூடாது. கணினி ஒரு பழுதைப் பதியும்போது அந்த நேரத்து இன்ஜின் சூடு, சுற்று, வேகம் ஆகியவற்றையும் சேர்த்தே பதிகிறது. இணைப்பைக் கழற்றினால் பெரும்பாலும் அந்தப் பதிவு அழிந்துவிடும். வாரண்டி இருக்கும்வரை வெளிப் பட்டறையில் த்ராட்டிலைத் திறக்கவும் விடாதீர்கள்.

ஓடும்போதே இன்ஜின் அணைந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பெடல் கெட்டியாகத் தோன்றினாலும் பிரேக் வேலை செய்யும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கும் கனக்கலாம். நான்கு இண்டிகேட்டர் விளக்குகளையும் மின்னவிட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சர்வீஸ் சென்டர் கைவிரித்தால், கார் நிறுவனத்துக்கு ஜாப் கார்டு நகல்களோடு எழுதுங்கள். அங்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. வணக்கம்.