ஸ்கெட்ச்புக் புராஜெக்ட்: ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம்

(திரையில்: வெற்றுப் பக்கம். அருகில் துருப்பிடித்த பூட்டு.)

ஒரு தலைப்பை ஓவிய நோட்டில் பக்கம் பக்கமாக வளர்த்து, கடைசியில் ஓர் ஓவியமாக்குவதுதான் ஸ்கெட்ச்புக் புராஜெக்ட். அது என்றதும் பலர் முதலில் நோட்டின் அட்டையைத்தான் அலங்கரிப்பார்கள். அதைக் கடைசியில் செய்தாலும் போதும். மதிப்பிடுபவர் அழகான படங்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒரு யோசனை எங்கே தொடங்கி எப்படி மாறியது என்று பார்க்கிறார்.

'காலம்' மாதிரி அகலமான தலைப்பு வந்தால் உடனே சுருக்குங்கள். இந்தப் பூட்டு ஒன்றே போதும். மேசையில் வைத்து, நேரில் பார்த்து வரையுங்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தால் கோணத்தையும் வெளிச்சத்தையும் கேமரா ஏற்கெனவே முடிவு செய்திருக்கும்.

(திரையில்: பக்கம் முழுக்கச் சாவித்துளை.)

முதல் படம் சுமாராக வந்தாலும் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அதில் எது உங்கள் கண்ணை இழுத்தது? சாவித்துளையா? அப்படியானால் அடுத்த பக்கத்தில் அது மட்டும், பெரிதாக. துருவின் சொரசொரப்பா? பூட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். இந்த உத்திக்கு ஃபிராட்டாஜ் என்று பெயர். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்தார். அந்தத் தடங்களுக்குள் காடுகளையும் விலங்குகளையும் கண்டார். உங்கள் ஸ்கெட்ச்புக்கில் இப்படி ஓர் ஓவியரைப் பற்றிய பக்கம் வைத்தால், அவர் பிறந்த ஊரையும் பரிசுகளையும் அச்செடுத்து ஒட்டுவது வீண் வேலை. அவர் செய்ததை உங்கள் பூட்டில் செய்து பாருங்கள், அதுதான் ஆய்வு.

அப்புறம் குறிப்புகள். "நன்றாக வந்தது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "4பி பென்சிலில் நிழல் சரி, உலோகப் பளபளப்பு வரவில்லை, அடுத்து கரித்துண்டில் வரைந்து ரப்பரால் வெளிச்சம் எடுக்கப் போகிறேன்" என்று எழுதுங்கள். அடுத்த பக்கத்துக்கு வேலை தானாகவே கிடைத்துவிடும்.

(திரையில்: பக்க ஓரத்தில் தேதி.)

தேதியும் போடுங்கள். 'குவெர்னிகா' என்ற தன் ஓவியத்துக்காக பிக்காசோ 1937 மே 1 அன்று வரைந்த முதல் ஸ்கெட்ச்களில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கின்றன. அந்த ஓவியத்தின் குதிரை எப்படியெல்லாம் நிலை மாறியது என்பதை இன்றும் நம்மால் பின்தொடர முடிகிறது.

சரி, இறுதி ஓவியம். நேராகப் பெரிய தாளுக்குப் போகாதீர்கள். தீப்பெட்டி அளவில் ஆறேழு கட்டங்கள் போட்டு, பூட்டை நடுவில், ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு என்று மாற்றிப் பாருங்கள். பிடித்த இரண்டுக்கு மட்டும் வண்ணம் தீட்டிப் பாருங்கள். ஸ்கெட்ச்புக் தாள் மெல்லியதாக இருந்தால் நீர்வண்ணத்தில் நெளியும். கனமான தனித்தாளில் தீட்டி, காய்ந்த பிறகு உள்ளே ஒட்டிவிடுங்கள்.