விளக்கு அணையாமலே இருள் சூழும் மேடை: சீன இசை நாடகத்தின் கதை

மேடை முழுவதும் வெளிச்சம் நிறைந்திருக்க, ஒரு மேசைக்கு இருபுறமும் நிற்கும் இருவர், எட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தும், ஒருவரையொருவர் காணாமல் காற்றைத் துழாவுகிறார்கள். முச்சந்தி என்று பொருள்படும் 'சான்சாகோவ்' நாடகத்தில், கும்மிருட்டான சத்திரத்து அறையில் நடக்கும் சண்டை இது. மூக்கு நுனியை உரசுவதுபோல் வாள் கடக்கும்போதும் கண்கள் அதைப் பின்தொடர்வதில்லை. அந்தக் கண்களே நமக்கு இருளைக் காட்டுகின்றன. இன்று ஆடப்படும் வடிவத்தில், இருவருமே ஒரே மனிதரைக் காப்பாற்ற வந்தவர்கள் என்பது விளக்கு வந்த பிறகே அவர்களுக்குத் தெரியவரும்.

இக்கலையின் வேர்களில் ஒன்று மிங் வம்சத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்ஃபூ என்ற இசைக்கலைஞர் சூசோ பகுதியின் குன்ஷான் பாட்டைச் செம்மைப்படுத்தினார். நீர்விட்டு அரைத்த மாவைப் போல நயமானது என்பதால் 'நீர்விட்டு அரைத்த இசை' என்றே அதற்குப் பெயர் வந்தது. எவ்வளவு அழகான பெயர்! 1598இல் தாங் சியான்சூ எழுதி முடித்த 'பியோனி மண்டபம்', கனவில் கண்டவனுக்காக ஏங்கி உயிர்விட்ட பெண் மீண்டெழும் கதையை 55 காட்சிகளில் சொல்கிறது.

அடுத்து வந்த சிங் வம்சத்தில், 1790இல், சியென்லுங் பேரரசரின் 80ஆம் பிறந்தநாளை ஒட்டி ஆன்ஹுவெய் மாகாண நாடகக் குழு பீக்கிங்கிற்கு, அதாவது இன்றைய பெய்ஜிங்கிற்கு, வந்தது. அதைத் தொடர்ந்து வந்த குழுக்களின் இசையும் ஹூபெய் கலைஞர்களின் இசையும் 19ஆம் நூற்றாண்டில் கலந்து பீக்கிங் ஓப்பராவாயின.

பீக்கிங் அரண்மனையின் சாங்யின் மண்டபத்தில் மூன்று அடுக்கு மேடையே இருந்தது. தேவர்கள் கூரைத் திறப்பின் வழியே இறங்கினார்கள், பூதங்கள் தரைக்கு அடியிலிருந்து எழுந்தன. ஆயினும் என் மனம் நிற்பது ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் மட்டுமே உள்ள எளிய மேடையில்தான். அங்கே மேசை மலையாகும், நாற்காலி சிறைவாசலாகும், குஞ்சம் கட்டிய சவுக்கு குதிரையாகும். அடுத்த முறை இந்நாடகம் ஒன்றைக் காண நேர்ந்தால், தளபதி சவுக்கை நீட்டியதும் அதை வாங்கிக்கொள்ளும் பணியாளைத் தவறாமல் கவனியுங்கள். எல்லோர் பார்வையும் தளபதி மேல் இருக்கும் அந்த நேரத்தில், அந்தப் பணியாள் கண்ணுக்குத் தெரியாத குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டு மேடையை விட்டு வெளியேறுவார்.