போலந்துக்கு வருகிறீர்களா? வாருங்கள், வார்சாவில் கொஞ்சம் நடப்போம்

வணக்கம் நண்பர்களே. காற்று பலமாக அடிக்கிறது, குரல் நடுவில் விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்க வருகிறவர்கள், வேலைக்கு வருகிறவர்கள், குடும்பத்தோடு மாறி வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது குளிரையும் வாடகையையும்தான். அதற்கு வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் யாரை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள், பிள்ளைகளை எப்படிப் படிக்கவைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், இன்றைக்கு அதைப் பார்ப்போம். நோவி ஷ்வியத் தெரு முடிகிற இடத்தில் நிற்கிறேன். இங்கிருந்து பழைய நகரம் வரைக்கும் நடந்துகொண்டே பேசுகிறேன்.

பின்னால் பெரிய பீடத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் கோப்பர்நிக்கஸ். 1473இல் தொருன் என்ற ஊரில் பிறந்தவர். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன அவருடைய புத்தகம் 1543இல் வந்தது, அதே வருடம் ஆளும் போய்விட்டார். பள்ளிப் பாடத்தில் படித்தவர்தானே, ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகர்வோம்.

நாம் பார்க்க வேண்டியது கொஞ்சம் தள்ளி இருக்கிற திருச்சிலுவை தேவாலயம். உள்ளே இடது பக்கத்துத் தூண் ஒன்றில் பியானோ மேதை ஷோப்பனின் இதயம் இருக்கிறது. சிலை, படம் எல்லாம் இல்லை, நிஜ இதயம். வார்சாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1810இல் பிறந்தவர், 20 வயதில் ஊரை விட்டுப் போனார். போன கொஞ்ச நாளில் இங்கே ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அவர் திரும்பி வரவே இல்லை. 1849இல் பாரிஸில் இறந்தார், உடலை அங்கேயே புதைத்தார்கள். இதயத்தை மட்டும் அவருடைய அக்கா லுத்விகா மதுசாரம் நிரப்பிய ஜாடியில் போட்டு, எல்லைக் காவலர்கள் கண்ணில் படாமல் ஆடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாராம். 1944இல் ஜெர்மன் படை நகரத்தை நொறுக்கியபோது அதுவும் வெளியே போனது. 1945 அக்டோபர் 17இல், அவர் இறந்த அதே தேதியில், இதே தூணுக்குத் திரும்பி வந்தது. 2014இல் ஓர் இரவு விஞ்ஞானிகள் தூணைத் திறந்து, ஜாடியைத் திறக்காமலே பரிசோதித்துவிட்டு மறுபடியும் மூடினார்கள். இந்த ஊர் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். வழியில் கறுப்புக் கல் பெஞ்சுகள் இருக்கும், பொத்தானை அழுத்தினால் அவருடைய இசை கேட்கும். உட்கார்ந்து கேட்டுவிட்டு நடங்கள்.

சரி, வலது பக்கம் வார்சா பல்கலைக்கழகத்தின் வாசல். இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு மேரி கியூரி. இங்கே அப்படிச் சொன்னால், கேட்பவர் சிரித்துக்கொண்டே 'மரியா ஸ்க்வொதோவ்ஸ்கா' என்று பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துத் திருத்துவார். அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அவர் 1867இல் பிறந்தபோது உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1795க்குள் நாட்டை முழுசாகப் பங்குபோட்டுக்கொண்டன. 123 வருடம் கழித்து, 1918 நவம்பரில்தான் திரும்பக் கிடைத்தது.

மரியாவின் காலத்தில் வார்சா பள்ளிகளில் பாடம் ரஷ்ய மொழியில். பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. அதனால் 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்று ஒன்று ரகசியமாக நடந்தது. யார் வீட்டு ஹாலாவது வகுப்பறையாகும், போலீஸ் மோப்பம் பிடிப்பதற்குள் அடுத்த வகுப்பு வேறு வீட்டுக்கு மாறிவிடும். மரியாவும் அக்கா புரோனியாவும் அங்கே படித்தவர்கள். 1898இல் பாரிஸில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டுபிடித்ததும் அதற்கு பொலோனியம் என்று பெயர் வைத்தார், இல்லாத நாட்டின் பெயரை. 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் உயர்நிலைப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூடியபோது, ரகசிய வகுப்புகள் மறுபடியும் வீடு வீடாக நடந்தன. பிடிபட்டால் வதைமுகாம் அல்லது சாவு.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் இந்த ஊரில் படிப்பை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அதன் காரணம் அந்த வீட்டு ஹால்களில் இருப்பதாகவே தோன்றும்.

இப்போதைய பள்ளிக்கு வருவோம், நிறைய பேர் கேட்டது இதுதான். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. போலிஷ் தெரியாத பிள்ளைக்கு அந்த மொழியில் கூடுதல் வகுப்பும் இலவசம். ஒன்றாம் வகுப்பு 7 வயதில். தொடக்கப் பள்ளியே 8 வருடம், அப்புறம் லித்செயும் என்கிற பொது மேல்நிலைப் பள்ளி என்றால் 4 வருடம், தொழில்நுட்பப் பள்ளி என்றால் 5. செப்டம்பர் 1 அன்று பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு, டீச்சருக்குப் பூங்கொத்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் உறுதிமொழி சொல்வார்கள், தலைமையாசிரியர் ஆளுயரப் பென்சில் ஒன்றை எடுத்து, அந்தக் காலத்து ராஜா வாளால் வீரனைத் தொட்டதுபோல ஒவ்வொரு குழந்தையின் தோளிலும் வைப்பார். அந்த நேரத்தில் குழந்தைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும், மூச்சுகூட விடாது.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 6தான் உச்சம், 1 வந்தால் ஃபெயில். ஜெர்மனியிலிருந்து மாறி வரும் குடும்பங்கள் கவனிக்க, அங்கே இது தலைகீழ். வருட சராசரி குறைந்தது 4.75 இருந்து, நடத்தைக்கும் நல்ல மதிப்பீடு கிடைத்தால் சான்றிதழில் ஒரு சிவப்புப் பட்டை வரும். 2024 ஏப்ரலிலிருந்து சின்ன வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது, 4 முதல் 8 வரை செய்தாலும் மதிப்பெண் கிடையாது என்று விதி கொண்டுவந்தார்கள். நம்மில் பலருக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். எனக்கும் முழுச் சம்மதம் இல்லை, அது வேறு கதை.

பள்ளி முடிவில் மே மாதம் மத்தூரா தேர்வு. தேர்ச்சி 30 சதவீதம்தான், ஆனால் நல்ல பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் அது எந்த மூலைக்கு? தேர்வுக்குச் சுமார் 100 நாள் முன்னால் பெரிய விருந்து வைப்பார்கள். கோட்டும் கவுனுமாக வந்து, ஜோடி ஜோடியாகக் கைகோத்து பொலோனேஸ் நடனத்தோடு தொடங்குவார்கள். உங்கள் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால், செலவு இருக்கிறது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பல பள்ளிகளுக்கு யாராவது ஒருவர் பெயர் வைத்திருப்பார்கள். வார்சாவில் ஒரு பள்ளிக்கு நவாநகர் மகாராஜா ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜியின் பெயர். சோவியத் நாட்டுக்குள் நாடுகடத்தப்பட்டு, பெற்றோரை இழந்து வந்த நூற்றுக்கணக்கான போலந்துக் குழந்தைகளை 1942இல் குஜராத்தில் பாலாச்சடி என்ற இடத்தில் வைத்துக் காப்பாற்றியவர். ஒஹோத்தா பகுதியில் 'நல்ல மகாராஜா' என்றே ஒரு சதுக்கம் இருக்கிறது. இந்தியா என்றதும் சில பெரியவர்கள் அவர் பேச்சை எடுப்பார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதே 1942இல் டாக்டர் யானுஷ் கோர்ச்சாக், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் தன் யூத அநாதை இல்லப் பிள்ளைகளை வைத்துத் தாகூரின் நாடகம் ஒன்றை நடத்தினார். சாவை எதிர்நோக்கியிருக்கும் ஒரு சிறுவனின் கதை. சில வாரத்தில் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். தப்பிக்க வாய்ப்பு கிடைத்தும் போகாமல் அவரும் கூடவே ஏறினார்.

இதோ பழைய நகரம். பார்த்தால் பல நூற்றாண்டுப் பழமை, உண்மையில் பெரும்பகுதி போருக்கு அப்புறம் கட்டியது. 1944இல் தரைமட்டம். 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும், கட்டடக்கலை மாணவர்கள் முன்பே அளந்து வரைந்து, போரில் ஒளித்துக் காப்பாற்றிய படங்களையும் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள்.

பசிக்கிறது. மில்க் பாருக்குப் போவோம், மலிவான சாப்பாட்டுக் கடை. முதல் மில்க் பார் 1896இல் நோவி ஷ்வியத் தெருவில்தான் திறந்தது. கம்யூனிச ஆட்சியில் ஊரெல்லாம் பரவி, 1989க்கு அப்புறம் நிறைய மூடிப்போய், மிச்சம் இருப்பவை அரசு மானியத்தில் ஓடுகின்றன. மானியம் பால், காய்கறி, மாவுப் பண்டங்களுக்குத்தான். அதனால் சைவம் மலிவு.

முறை இதுதான். சுவரில் உள்ள பட்டியலைப் பார்த்து கல்லாவில் சொல்லி, காசு கட்டி ரசீது வாங்குங்கள். ரசீதைச் சமையலறை ஜன்னலில் நீட்டுங்கள். சாப்பாட்டின் பெயரைக் கத்துவார்கள், ஓடிப்போய் வாங்க வேண்டும். சாப்பிட்ட தட்டை அடுத்த ஜன்னலில் நீங்களே வைக்க வேண்டும். அந்த அம்மாக்கள் சிரிக்க மாட்டார்கள், கோபம் என்று நினைக்காதீர்கள்.

நான் வாங்கியது ஜூரெக். ரை என்கிற தானியத்தின் மாவைத் தண்ணீரில் பூண்டோடு சில நாள் புளிக்கவைத்துச் செய்கிற சூப், புளிப்பு அப்படியே நம் புளித்த கூழ். உள்ளே பாதி முட்டையும் வெள்ளைத் தொத்திறைச்சியும் கிடக்கும், சைவக்காரர்களுக்கு வேண்டாம். உங்களுக்கு பியெரோகி: மெல்லிய மாவுக்குள் உருளைக்கிழங்கும் த்வாருக் என்கிற பால்கட்டியும் வைத்து வேகவைத்து, மேலே வதக்கிய வெங்காயம். இங்கேதான் கவனம். வெங்காயத்தோடு பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளையும் தூவிவிடுவார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்', அதாவது கொழுப்புத் துண்டு இல்லாமல், என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடிக்க கொம்போத், பழங்களை வேகவைத்த தண்ணீர். பரவாயில்லை ரகம்.

கடைசியாக, யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ஒரு விஷயம். வாசலிலேயே செருப்பைக் கழற்றுங்கள், அது நமக்குப் பழக்கம்தான். பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. சாமந்தி மட்டும் வேண்டவே வேண்டாம். நவம்பர் 1 அன்று கல்லறை முழுக்க அதுதான் இருக்கும். கடையில் மலிவாக, அழகாக, நம் ஊர் ஞாபகத்தோடு வாசலிலேயே வைத்திருப்பான். தாண்டி உள்ளே போய், துலிப்போ ரோஜாவோ அஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.