பலகையில் வைத்த கால்

நேயர்களுக்கு வணக்கமுங்க. நான் முப்பது வருசம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். விளையாடுகிற பிள்ளைகள் நம்பிக்கை இழந்து நிற்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அதை என் சொந்தக் கதையிலிருந்துதான் தொடங்க முடியும்.

1985. கோபி பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. நீளம் தாண்டுதலில் முந்தின வருசம் நான்தான் முதல். அந்த வருசம் ஈரோட்டில் மாவட்டப் போட்டி. அன்றைக்குப் பெரியார் மாவட்டம் என்று பேர். முதல் தாண்டலில், எகிறுவதற்குக் கால் ஊன்றுகிற பலகையை என் கால் மீறிவிட்டது. சிவப்புக் கொடி, தாண்டல் செல்லாது. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதுக்கு ஓடும்போது என் கண் பலகையை விட்டு நகரவே இல்லை. பலகையையே பார்த்து ஓடினால் கடைசி நாலு காலடி கெட்டுப்போகும். காலடி ஒன்று குறுகும், ஒன்று நீளும். மறுபடியும் சிவப்புக் கொடி. அளப்பதற்கு ஒரு தாண்டல்கூட இல்லை.

அதற்கப்புறம் மைதானத்துக்குப் போகாமல் இருக்க வயிற்று வலி என்றேன், பரீட்சை என்றேன். பெற்றோர்களே, ஆசிரியர்களே, இதைக் கவனிங்க. நம்பிக்கை போன பிள்ளை "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லாது. வேறு ஏதாவதுதான் சொல்லும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீங்க.

எங்கள் பி.டி. வாத்தியார் திட்டவில்லை. "உன்னால முடியும்" என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மணி, நீ தாண்டவே வேண்டாம். ஏழு காலடி ஓடி வந்து பலகைல கால வெச்சுட்டுப் போ. அது போதும்." மணலில் விழ வேண்டாம், டேப் கிடையாது. ஏழு காலடியில் கால் சரியாக விழுந்ததும் ஒன்பது ஆக்கினார், அப்புறம் பதினொன்று. ஓட்டம் தொடங்குகிற இடத்தில் நானே ஒரு செங்கல் துண்டை அடையாளம் வைத்தேன். பத்துத் தடவையில் எத்தனை தடவை கால் சரியாக விழுந்தது என்று நோட்டில் எழுதச் சொன்னார். முதல் நாள் நாலு. ஒரு மாசம் கழித்து எட்டு. அந்த எட்டை யாரும் எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நானே எழுதியது.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதைத்தான் எழுதியிருக்கிறார். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் வருவதற்கு நாலு வழி: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடம்பும் மனசும். இதில் செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் பலம் அதிகம் என்கிறார். நாமோ மூன்றாவதை மட்டும் மைக் வைத்துக் கத்துகிறோம்.

இரண்டாவது வழிக்கு நம்ம பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். சேலம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன், 2015இல் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். அவர் பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. பந்து வீசுகிறவனுக்குக் கையே சந்தேகம் என்றால் என்ன மிச்சம்? வீசும் முறையையே மாற்றிப் பழகித் திரும்பி வந்தார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். என் மாணவர்களிடம் அந்த டெஸ்டைவிட, நடுவில் யாரும் பார்க்காமல் வீசிப் பழகிய நாட்களைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று ஃபவுல் அன்றைக்கு அப்பா மஞ்சள் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பும் பஸ்சில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவுந்தப்பாடியில் பஸ் நின்றதும் இறங்கிப் போய்ப் பொட்டலம் கடலை வாங்கி வந்து, "சாப்புடு கண்ணு" என்றார்.

அடுத்த வருசம் அதே போட்டி. பலகையைப் பார்க்காமல் ஓடினேன். வெள்ளைக் கொடி ஏறியது. எவ்வளவு தூரம் என்று அளப்பதற்குள் கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன். அன்றைக்கு எனக்கு மூன்றாம் இடம். திரும்பும்போது கவுந்தப்பாடியில் பஸ் நின்றது. அப்பா இறங்கிப் போய் அதே மாதிரி ஒரு பொட்டலம் கடலை வாங்கி வந்தார்.

வணக்கமுங்க.