உன்ஜோரு: சுவர்களும் அரிசிப் பெட்டியும்

அனைவருக்கும் வணக்கம்.

கொரியாவின் பழைய வீடு என்றதும் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்த வளைந்த ஓட்டுக்கூரைதான் பலருக்கு நினைவுக்கு வரும். கூரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று கூரையை விட்டுவிட்டுச் சுவரையும் அடுப்பையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்த வீட்டில் யார் கண்ணில் யார் படலாம், யார் எங்கே படுக்கலாம் என்பதை முடிவு செய்தவை அவைதான்.

ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தென்கொரியாவின் தெற்கே குரே வட்டாரத்தில், ஜிரி மலையடிவாரத்தில், ஓமி என்ற ஊர். அங்கே உன்ஜோரு என்ற வீட்டை 1776-இல் யூ இ-ஜு என்ற படைத்துறை அதிகாரி கட்டினார். யாங்பான் என்ற மேல்தட்டைச் சேர்ந்தவர். பின்னால் மலை, முன்னால் குளம், அதற்கப்பால் வயல். மனை பார்ப்பவர்கள் மெச்சிக்கொண்ட இடம் அது.

வெளியிலிருந்து வருபவருக்கு முதலில் தெரிவது ஒரு நீளமான வரிசைக் கட்டடம். வேலையாட்களின் அறைகளும் கிடங்குகளும் அதில்தான். அதன் நடுவே கூரை உயர்ந்து நிற்கும் வாசல். உள்ளே போனால் ஆண்களின் பகுதியான சராங்சே. வீட்டுத் தலைவர் படித்ததும், விருந்தினரோடு பேசியதும், உறங்கியதும் அங்கேதான். அதற்கு அடுத்து, நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றத்தோடு பெண்களின் பகுதியான ஆன்சே. முன்னோர் வழிபாட்டுக்கென்று தனிக் கட்டடமும் உண்டு. நான்கு தலைமுறை முன்னோர்களின் பெயர்ப்பலகைகளை வைத்து வணங்குவது யாங்பான் வழக்கம்.

இந்தப் பிரிவினையை ஆதிகாலத்துக் கொரியப் பண்பாடு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காங்னுங் நகரத்தில் ஓஜுகோன் என்ற பழைய வீடு இருக்கிறது. கொரியாவின் பெரிய அறிஞர்களில் ஒருவரான யி இ 1536-இல் பிறந்தது அங்கேதான். அது அவருடைய தாய்வழி வீடு. கல்யாணமான பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்குவது அன்று சாதாரணம். மகள்களுக்கும் சொத்தில் பங்கு இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கன்ஃபூசிய நெறி இறுகியபோதுதான் மூத்த மகன் வீட்டின் மையமானார், மகளின் பங்கு சுருங்கியது, ஆன்சேக்கும் சராங்சேக்கும் நடுவே சுவர் உயர்ந்தது. உன்ஜோரு அந்த இறுக்கத்துக்குப் பிறகு வந்த வீடு.

வீட்டின் அளவுக்கு அரசுச் சட்டம் வேறு இருந்தது. தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியை ஒரு கான் என்று கணக்கிடுவார்கள். மன்னர் செஜோங் காலத்தில், 1431-இல் வந்த விதிப்படி பட்டத்து அரசியின் மகனான இளவரசருக்கே 60 கான்தான் உச்சவரம்பு. உயர் அதிகாரிக்கு 40, சாதாரணக் குடிமகனுக்கு 10. ஆனால் மக்கள் பேச்சில் பெரிய வீடு என்றாலே 99 கான் வீடுதான்! நூறு அரசருக்கு மட்டும் என்பது அந்தப் பேச்சின் கணக்கு. சட்டம் எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பதற்கு இதுவே போதும்.

சரி, அடுப்புக்கு வருவோம். கொரியக் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி ஒண்டோல். சமையலறைத் தரை, அறையின் தரையைவிடப் பள்ளமாக இருக்கும். அடுப்பில் சோறு வேகும்போதே தீயும் புகையும் பக்கத்து அறையின் தரைக்கடியில் உள்ள கால்வாய்களில் புகுந்து ஓடி, மறுகோடியில் புகைபோக்கி வழியாக வெளியேறும். கால்வாய்களின் மேல் தட்டைக் கற்கள், அதன் மேல் களிமண், அதற்கும் மேல் எண்ணெய் பூசிய காகிதம். சூடேறிய கல் நெடுநேரம் வெப்பத்தை விடாது. அடுப்புப் பக்கம் சூடு அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு. ஆகவே அடுப்புப் பக்கம் பெரியவர்களுக்கு. விறகு போடுகிறவர் இந்தச் சுகத்தைப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

கோடைக்கு மரத்தரைக் கூடம். தரைக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும்படி பலகைகளை உயர்த்திப் பதித்திருப்பார்கள். காகிதம் ஒட்டிய கதவுகளை மடித்துத் தூக்கி, உத்தரத்திலிருந்து தொங்கும் கொக்கிகளில் மாட்டிவிட்டால் அறை கூடமாகிவிடும். முன்முற்றத்தில் பெரும்பாலும் மரம் வைப்பதில்லை. வெயிலில் அந்த வெற்றுத் தரை சூடாகிக் காற்று மேலே எழும்ப, நிழலான பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று கூடத்தின் வழியாக இழுத்துக்கொண்டு வரும். கூரையின் முன்னிழுப்பும் கணக்காக இருக்கும்: கோடையின் உச்சி வெயிலைத் தடுத்து, குளிர்காலத்தின் தாழ்ந்த வெயிலை உள்ளே விடும்.

ஒரே கூரையின் கீழ் சூடான தரையும் குளிர்ந்த தரையும் இருப்பதுதான் கொரிய வீட்டின் பெரிய சாதனை என்பேன். ஒண்டோல் எல்லா அறைக்கும் பரவியதும் 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். அதற்கு முன் பெரிய வீடுகளிலும் முதியவர், நோயாளி அறைகளோடு நின்றது. அது பரவப் பரவ விறகுக்காக ஊரைச் சுற்றியிருந்த மலைகள் மொட்டையாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது உன்ஜோருவைப் பிரபலமாக்கிய பொருள். ஒரே மரத்தைக் குடைந்து செய்த அரிசிப் பெட்டி. கீழே ஒரு துவாரம், அதன் மூடியில் 'மற்றவர் திறக்கலாம்' என்ற பொருளில் சீன எழுத்துகள். பசித்தவர் வந்து தேவையானதை எடுத்துப் போகலாம். வீட்டுக்காரர் பார்வையில் படாத இடத்தில் அதை வைத்தார்களாம், எடுப்பவர் கூச்சப்படக் கூடாது என்று. புகைபோக்கியையும் தாழ்வாக வைத்தார்களாம், இங்கே சோறு பொங்குவது பசித்தவர் கண்ணில் படக் கூடாது என்று. பெட்டிக் கதையை நான் நம்புகிறேன், ஏனென்றால் பெட்டி இருக்கிறது. புகைபோக்கிக் கதையில் கொஞ்சம் சந்தேகம். தாழ்ந்த புகைபோக்கி தென் கொரியாவின் வேறு பல வீடுகளிலும் உண்டு.

இந்த வீட்டையும் அதன் நிலத்தையும் உழைப்பால் தாங்கியவர்களில் நோபி எனப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். அரசுக்குச் சொந்தமான நோபிகளில் பெரும்பாலோர் 1801-இல் விடுவிக்கப்பட்டார்கள். தனியார் வீட்டு நோபிகள் சட்டப்படி விடுதலை பெற 1894 ஆனது. அரிசிப் பெட்டியைப் புகழும் கட்டுரைகளில் பலவும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

1948-க்குப் பிறகு ஜிரி மலை கெரில்லாப் போரின் களமானது. நிலக்கிழார் வீடுகள் பல எரிந்தன, உன்ஜோரு தப்பியது. பெட்டியிலிருந்து அரிசி எடுத்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதைக் காப்பாற்றினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. நன்றியோ, அதிர்ஷ்டமோ, இரண்டுமோ.

இந்த வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த பழைய ஓவியம் ஒன்றும் இருக்கிறது. எந்தக் கட்டடம் எங்கே இருந்தது என்று அதில் தேடலாம். அதன் படத்தைத் திரையில் போடச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.